முட்டிக்கு எண்ணெய்

அன்புள்ள அம்மாவுக்கு, திருப்பதியிலிருந்து ஹரிப்ரியா. நைனாவுக்கு இருமல் நின்றதா? நான் நலம். போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம்.

லாட்ஜ் வேலை முடிந்ததும் கராத்தே வகுப்புக்குப் போகிறேன் அல்லவா, அங்கே இப்போது முட்டி போட்டபடியே நகர்ந்து தாக்கும் பயிற்சி. என்னோடு சேர்ந்த நீரஜா சக்கரம் வைத்ததுபோல் போகிறாள். மாஸ்டர் தினமும் அவளைத்தான் "பாகுந்தி" என்று பாராட்டுகிறார். எனக்கு வயிறு எரிகிறது. நேற்று அவளை முந்தவேண்டுமென்று பேன்ட்டுக்குள் முட்டியில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போனேன். பாதி தூரத்தில் அது அவிழ்ந்து வால்போல் பின்னால் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வகுப்பு முடிந்ததும் வாசலில் நீரஜாவின் அம்மா அவள் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "நீயும் காலை நீட்டும்மா, தேய்ச்சு விடறேன்" என்றார். "எனக்கு நோவவே இல்ல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, தெருமுனை திரும்பும்வரை நொண்டாமல் நடந்தேன்.

நம் வீட்டு எண்ணெய் ஒரு பாட்டில் வேண்டும். நம்மூர் சத்தியவேட்டு பஸ்ஸில் வரும் யாரிடமும் கொடுத்து அனுப்பாதே, நீயே கொண்டு வா. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வகுப்பு வாசலுக்கே வந்துவிடு. நீரஜா கிளம்புவதற்குள் வரவேண்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் ஹரிப்ரியா