தூணில் சாய்ந்த ஆள்

அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பசை காயவில்லை. சீனர் வீட்டுத் தாத்தா படம் இரண்டு, மக்கா படம் ஒன்று, கண்ணாடி போட்டாயிற்று. என் படச்சட்டக் கடைக்கு வருவதில் பாதி செத்தவர் முகம்.

எதிர் ஹோட்டல் மாடியில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரத் துரைசாணி ஒரு படம் கொண்டுவந்தாள். சட்டம் வேண்டுமாம். போன வாரம் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து வரைந்தது. எங்கள் சூலியா தெரு, விளக்கேற்றும் மஃரிப் நேரம். கிட்டே பார்த்தால் வெறும் சாயக் குழப்பம். இதற்கா ஒரு வாரம்! பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். ரிக்‌ஷா, ஈரத் தரை, விளக்கு எல்லாம் தெரிந்தன. என் கடையும். கடைத் தூணில் சாய்ந்து ஓர் ஆள். பச்சைக் கைலி, இடது தோளில் துண்டு.

காசிம். என் தம்பி. கடை மாடியில் காய்ச்சலாய்ப் படுத்து இருபது நாள். கீழே இறங்கினதே இல்லை.

அக். 8, புதன்

வாங்க: தேக்குச் சட்டம், சின்ன ஆணி, காசிமுக்கு ஆரஞ்சு. பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதின தண்ணீர்.

படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். கிட்டே போனால் நாலு பச்சைக் கோடு. தள்ளி நின்றால் அவன். சம்சாரத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நம்ம கொழுந்தன்லா இது! எந்திரிக்கவே முடியாத ஆளு, எப்பங்க கீழ போனாரு?"

காசிம் கஞ்சி இரண்டு மடக்கு. ராவெல்லாம் இருமல்.

அக். 9, வியாழன்

மடத்தனம். எல்லாப் படத்துக்கும் போல இதற்கும் கண்ணாடி வைத்து இறுக்கி ஆணி அடித்துவிட்டேன். எண்ணெய்ச் சாயம், உள்ளே காயவில்லை. புத்தி வந்து கழற்றினால், தூணில் சாய்ந்த ஆள் மட்டும் கண்ணாடியோடு ஒட்டி வந்துவிட்டான். மற்றதெல்லாம் அப்படியே. தூண் வெறிச்சோடிக் கிடக்கிறது.

கண்ணாடியைத் துடைக்கக் கை வரவில்லை. துடைத்தால் தம்பிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். எழுதவே வெட்கமாக இருக்கிறது. துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

அக். 10, வெள்ளி

ஜும்ஆ தொழுகை. துஆவில் மனசு நிற்கவில்லை. திரும்பி வந்தால் காசிமுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது! சோறு கேட்டான்.

"நாளைக்கு கீழ வாரேண்ணே. தெருவப் பாத்து எத்தன நாளாச்சு."

அல்ஹம்துலில்லாஹ். நான் ஒரு பைத்தியம்.

அக். 11, சனி

மழை விட்டது. சாயங்காலம் படத்தோடு துரைசாணி அறைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த மலாயில் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "அந்த ஆளைத் திரும்ப வரைந்துவிடலாம். தினமும் விளக்கேற்றும் நேரத்துக்கு அங்கே வந்து நிற்பான்" என்றாள்.

ஜன்னலைத் திறந்தாள். எதிரே என் கடை. தூணில் காசிம். பச்சைக் கைலி, தோளில் துண்டு. சொன்னபடி இறங்கி வந்துவிட்டான்! நிமிர்ந்து பார்த்துக் கையாட்டினான். சந்தோஷத்தில் நானும் ஆட்டினேன்.

"யாருக்குக் கையாட்டுகிறாய்?" என்றாள் துரைசாணி. "இன்றைக்கு அவனைக் காணோமே."

ஓடி வந்தேன். தூணில் யாரும் இல்லை. மாடிக்கு ஏறாமல் கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். கையில் அகப்பட்டது இந்த நோட்டு. மேலே இருமல் சத்தம் இல்லை. சம்சாரம் படியில் இறங்கி வருகிறாள். என்னைக் கூப்பிடுகிறாள், ரொம்ப மெதுவாக