பேச முடிகிற வேகம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. இங்கே நாங்களும் நலம்தான், இடுப்புக்குக் கீழே மட்டும் விசாரிக்காதே. வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். போனில் சொல்லக் கூடாதா என்பாய். உன் பேச்சை எடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுகிற மனுஷரை வைத்துக்கொண்டு இந்த இரண்டு அறை வீட்டில் எதைச் சொல்ல?

போன வருஷம் அப்பாவுக்குச் சர்க்கரை எகிறி மயங்கி விழுந்தாரே, அப்போது டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடப்பாரா? காலமெல்லாம் பஸ் ஓட்டினவன் தெருவில் நடந்து போனால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று கௌரவம் பார்த்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரம் ஒரு கூட்டத்தை ஓடப் பழக்குகிறாள், விசில் ஊதி ஊதியே அவளுக்கு விசிலம்மா என்று பெயர் வந்துவிட்டது, அவளிடம் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து காலை நீட்டலாம் என்று பார்த்தால், இவருக்குத்தான் தூரத்துப் பார்வை சரியில்லையே, பள்ளம் மேடு சொல்ல ஆள் வேண்டும், நீங்களும் கூட ஓடுங்கம்மா என்று என்னையும் பிடித்துப் போட்டுவிட்டாள். வாரம் ஆறு நாளும் சலவை அறையில் நின்றபடியே படுக்கை விரிப்பு தேய்க்கிறவளுக்கு ஏழாம் நாள் இந்த வேலை. தலையெழுத்து என்று ஓடினேன். இப்போது எங்கே வந்து நிற்கிறது தெரியுமா, அடுத்த மாதம் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடப் போகிறோம். சிரிக்காதே. அவருக்கு மாத்திரை பாதியாகிவிட்டது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டாயிற்று, மாடி ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடிப்பதில்லை. எனக்கும், பொய் சொல்லக் கூடாது, படுத்தால் தூக்கம் வருகிறது. சலவை அறையிலிருந்து கொண்டு வருகிற அலுப்பு படுத்து எழுந்தாலும் போகாது, ஓடிவிட்டு வருகிற அலுப்பு குளித்தால் பாதி போய்விடுகிறது. மீதிப் பாதிதான் இந்த வாளியில் கிடக்கிறது.

சொல்ல வந்தது இதில்லை. விசிலம்மா ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். நீண்ட தூரம் ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டுமாம், பேச்சு திக்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தமாம். ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டே ஓட வேண்டும், வாய் மூடினால் விசில். நானும் உன் அப்பாவும் என்னத்தைப் பேச? நீ போனதிலிருந்து இந்த வீட்டில் சாப்பிடறீங்களா, கரண்ட் பில் கட்டியாச்சா, அவ்வளவுதான் பேச்சு. முதல் சில வாரம் பழைய ரூட்டில் இருந்த ஸ்டாப்பையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்துக்கொண்டு வந்தார், நானும் கண்டக்டர் மாதிரி ரைட் ரைட் என்று கூட ஓடினேன். ஸ்டாப் தீர்ந்து டிப்போ கதை வந்தது, அதுவும் தீர்ந்தது. போன மாதம் ஒருநாள் ஆற்றுப் பாலத்தின் மேல், நான் கேட்காமலே, அந்தச் சிக்னல் பேச்சை எடுத்தார்.

அவருடைய பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்த நீ, சிவப்பு விளக்கு தெரியாமல் அவர் தாண்டினதைப் பார்த்துவிட்டு, மறுநாளே டிப்போ மேனேஜரிடம் போய்ச் சொன்னாய். ஸ்டியரிங்கைப் பிடித்த மனுஷரை டிக்கெட் கட்டு பிரிக்கிற மேஜையில் உட்கார வைத்தார்கள். பெத்த பொண்ணே காட்டிக் கொடுத்துட்டா என்று அன்றைக்கு மூடின வாய், நீ விமானம் ஏறப் போனபோதும் திறக்கவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்ப் போய் எனக்குச் சலித்துவிட்டதடி. கால் வலியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அன்றைக்குப் பாலத்தின் மேல் சொன்னார், நான் அந்தச் சிவப்பைப் பாக்கவே இல்ல, குழந்தையைத் தூக்கிட்டு ஒரு அம்மா குறுக்கே வந்தா, அவளையும் கடைசியிலதான் பாத்தேன், நம்ம பொண்ணு சொன்னது சரிதான், ஆனா மொதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல என்று. திணறாமல், திக்காமல் சொன்னார். நான்தான் ரைட் சொல்ல மறந்துவிட்டேன், பின்னாலிருந்து விசிலம்மா எனக்கு விசில் ஊதிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து டீயைக் கையில் கொடுத்து, அவளுக்கு ஒரு போன் போடட்டுமா என்றேன். எவளுக்கு என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பேப்பர் தப்பித்ததே பெரிது. ஆனால் அடுத்த ஞாயிறு ஓடும்போது மறுபடி கேட்கிறார், அங்க குளிருமா, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு தனியாவா வரா, காய்ச்சல்னா யாரு பாத்துக்கறாங்க என்று. ஷூவைக் கழற்றினால் பழைய ஆள். ஓட ஓட மனசில் கட்டினது இளகுகிறது என்கிறாள் விசிலம்மா, இருக்கலாம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசிப் பழகின மனுஷருக்கு முகத்துக்கு நேரே பேச வராதோ என்னவோ.

நீ செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, அந்தக் குழந்தைக்காரிக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது? ஆனால் அவரிடம் முதலில் சொல்லாதது அவருக்கு வலிக்கிறது, அதற்கு ஒரு வார்த்தை சொன்னால் நீ குறைந்து போய்விட மாட்டாய். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற முதல் ஞாயிறு, இங்கே விடிந்ததும் கூப்பிடு, உனக்கு அது சனிக்கிழமை சாயங்காலம். வீட்டில் இருக்கும்போது கூப்பிட்டால் தொடக்கூட மாட்டார். போனை நான் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவேன், பாலம் வந்ததும் அவர் கையில் கொடுத்துவிடுவேன். அங்கே புதுத் தார் போட்டிருக்கிறார்கள், பள்ளம் கிடையாது, நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாலம் முடிகிற வரைக்குமாவது அவரோடு நீ பேசு, நான் வாயை மூடிக்கொண்டு ஓடுகிறேன்.

எங்கே இருந்தாலும் நல்லா இரு, நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. போனைக் கையில் வாங்கினதும் அவர் பேச மாட்டார், மூச்சுச் சத்தம்தான் கேட்கும். வைத்துவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா