சிட்டு சேர்த்துச் சொன்னது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல், நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் எனக்கு மனம் ஆறும். இங்கே நானும் உன் தம்பியும் சௌக்கியம். பேத்தி சிட்டுவுக்குத் தையல் பிரித்தாயிற்று, நேற்றிலிருந்து வயிறாரச் சாப்பிடுகிறாள், அதனால் பதறாமல் படி. ஆபரேஷன் என்று தம்பி போனில் சொன்னதும் நீ அழுத அழுகையில் எனக்கு மேற்கொண்டு பேச வாய் வரவில்லை. நடந்ததை முழுசாகச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பள்ளி விட்டதும் சிட்டு என்னோடு கண்ணாடிக் கடையில்தான் இருப்பாள், லென்ஸ் தேய்க்கிற மேசைக்குக் கீழே பாய் போட்டிருக்கிறேன், காலி ஃபிரேம் பெட்டிகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருப்பாள். கடையில் காதில் விழுவதெல்லாம் அப்படியே அவள் வாயில் வரும். யாருக்காவது கண்ணாடி மாட்டி, ‘இப்ப தெளிவா இருக்கா’ என்று நான் கேட்டால் கீழேயிருந்து அதே குரலில் இன்னொரு தரம் கேட்கும், வந்தவர் இரண்டு பேருக்கும் பதில் சொல்லிவிட்டுப் போவார். ஆறு வயதாகியும் தன் பேச்சு என்று ஒன்று வரவில்லையே, ஆட்டிசம் உள்ள பிள்ளை கடைசிவரை இப்படித்தானோ என்று, வேலைக்காக ஊரை விட்டுப் போகும்போது நீ கலங்கினாய். பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் அதைக் கேட்டேன். அந்தம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “கிளிப்பிள்ளைப் பேச்சுன்னு தள்ளாதீங்க. முழு வாக்கியத்தையும் ஒரே சொல்லா எடுத்து வெச்சிருக்கா. அத முதல்ல எங்க கேட்டா, அப்ப அவளுக்கு என்ன நடந்துச்சுன்னு பாருங்க. அர்த்தம் அங்கதான் இருக்கும்” என்றார். அன்றிலிருந்து கவனித்துக்கொண்டு வருகிறேன். கடை மூடும்போது உன் தம்பியிடம் நான் சொல்கிற ‘ஷட்டர இறக்குடா’ அவள் வாயில் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். உன் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னாள், பெரியம்மா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள், நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ‘கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, முடிஞ்சிடும்’ என்பது ஊசி போட்ட நர்ஸ் சொன்னது, முட்டியில் அடிபட்டாலும் அதைத்தான் சொல்வாள். வலி என்பதற்கு அவளிடம் இருந்த சொல் அது. அவளைக் கேள்வி கேட்கக் கூடாது, கேட்டால் கேள்விதான் திரும்பி வரும், அவள் சொல்ல வேண்டியதை அவள் சொல்கிற மாதிரியே நாம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பதும் டீச்சர் சொல்லிக்கொடுத்ததுதான். அதனால் முட்டியைத் தடவிக்கொண்டே ‘முட்டி வலிக்குது’ என்று நான் சொல்வேன். அவள் பதிலுக்கு ஒன்றும் சொன்னதில்லை, ஆனாலும் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் பெட்டிகளைத் தொடாமல் பாயில் சுருண்டு படுத்துவிட்டாள். அழவில்லை. ‘கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, முடிஞ்சிடும்’ என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கை கால் எல்லாம் பார்த்தேன், அடி எதுவும் இல்லை, நெற்றி லேசாகச் சுட்டது. வெறும் காய்ச்சல்தான், மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றான் உன் தம்பி. எனக்கு மனசு கேட்கவில்லை. கண் அளவு பார்க்க வந்தவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இருந்த டாக்டரம்மா எங்கே வலிக்கிறது என்று பொறுமையாகக் கேட்டார், சிட்டுவும் ‘எங்க வலிக்குது’ என்றாள். கேள்வி வேண்டாம், நான் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன், அவரும் சரி என்று விட்டார். என் தலையைத் தொட்டு ‘தலை வலிக்குது’ என்றேன், காத்திருந்தேன், ஒன்றுமில்லை. என் வயிற்றில் கை வைத்து ‘வயிறு வலிக்குது’ என்றேன். மறுபடியும் காத்திருந்தேன். கொஞ்சம் கழித்து அவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் அடிவயிற்றில், வலது பக்கம் வைத்துக்கொண்டு, “வயிறு பொறுத்துக்கோ” என்றாள்.

டாக்டர் அந்த இடத்தை அழுத்தியதும் அவள் உடம்பு விறைத்துப்போனது. ஸ்கேனில் குடல்வால் வீங்கியிருந்தது, அன்றைக்கே ஆபரேஷன். உன்னைப் பிடிக்கத் தம்பி போன் போட்டுக்கொண்டே இருந்தான், நீ வேலையில் இருந்தாய், கையெழுத்தை நான்தான் போட்டேன். அதை நினைத்து நீ வருந்தாதே. இன்னும் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டும் எழுத வரவில்லை, விட்டுவிடுகிறேன். மறுநாள் பார்க்க வந்த டீச்சரிடம் சொன்னபோது அந்த இரண்டு சொல்லையும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம், “வயிறு பொறுத்துக்கோன்னு யாரும் அவகிட்ட சொன்னதில்லைங்க. அது அவளே சேர்த்தது” என்றார்.

அவள் உன்னைத் தேடினாளா என்று போனில் கேட்டாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். தேடினாள் என்று சும்மா சொல்லிவிடலாம், உன்னிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை, பார்த்ததை எழுதுகிறேன். அம்மா என்று அவள் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்ததும் கூரையைப் பார்த்தபடி, “சாப்டியாடா செல்லம், நல்லா தூங்கினியா” என்றாள். உன் குரலில், நீ இழுக்கிற அதே இழுப்பில். தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, சாப்பிட்டேன் பாப்பா என்று பதில் சொன்னார் நர்ஸ். ஒவ்வொரு போனிலும் நீ முதலில் கேட்பது அதுதானே. வீட்டிலும் அப்படித்தான், நீ போனை வைத்து, திரை அணைந்த பிறகு அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சொல்கிறாள். அவள் அப்படிச் சொல்லி நீ ஒரு தடவையும் கேட்டதில்லை, அது அவள் வாயில் வர நேரமாகிறது, அதற்குள் நீ வைத்துவிடுகிறாய். உன்னைக் கூப்பிட அவளிடம் இருக்கிற சொல் அதுதான் மகளே.

மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராது, பிள்ளையை உங்களோடு வைத்துக்கொள்கிற நாளும் சீக்கிரம் வரும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்று கெஞ்சாதே. சின்னதாக ஏதாவது சொல்லிவிட்டுச் சும்மா இரு. லைன் போய்விட்டதோ என்று தோன்றும், போயிருக்காது. வைத்துவிடாதே.

உன் அப்பா