அப்பா தேர்ந்தெடுத்த புத்தகம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் உன்னிடம் எதற்கு மறைப்பது, நான் நலம், அப்பா பாதி நலம்.

தொண்டை ஆபரேஷன் புண் ஆறிவிட்டது என்று போனில் சொன்னேனே, அது உண்மைதான், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சாப்பாடு இறக்க வயிற்றில் வைத்த குழாயை எடுக்க மாட்டார்களாம், இனி வாய்வழியாகத் தண்ணீர்கூட இறங்கக் கூடாது, இறங்கினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பயணம் போகலாமா என்று மட்டும் கேட்டார். போகலாம் என்றார் டாக்டர். அப்படியென்றால் மகனைப் பார்க்கப் போவதும் வழியில் நாலு ஊர் சுற்றுவதும் பேசினபடியே நடக்கும் என்று சொல்லிவிட்டார் உங்கப்பா.

நீ இருக்கும் நாட்டைப் பற்றி ஒரு பயண வழிகாட்டி வாங்க வேண்டும் என்று மறுநாளே புத்தகக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் பளபளவென்று படம் போட்ட தடிப் புத்தகத்தை எடுத்தேன். அவர் கடைக்காரம்மாவிடம், இதே ஆட்கள் நம் நாட்டைப் பற்றிப் போட்டது இருக்கிறதா என்று கேட்டு வாங்கி நம் ஊர்ப் பக்கத்தைப் பிரித்தார். இடித்துத் தள்ளி இப்போது செல்போன் கடையாகிவிட்ட ஓட்டலை ஆகா ஓகோ என்று எழுதியிருந்தான். நம்ம ஊரையே வந்து பார்க்காதவன் அடுத்த ஊரைப் பற்றி என்ன கிழிச்சிருப்பான் என்று வைத்துவிட்டார். இன்னொன்று மெலிசான புத்தகம், அந்த ஆட்களோ நம் நாட்டைப் பற்றிப் போட்டதில் நம் மார்க்கெட் தெரு சாப்பாட்டுக் கடைக்கு மாடி ஏற வேண்டும், திங்கட்கிழமை லீவு என்றுகூட எழுதியிருந்தார்கள். அச்சான வருஷத்தையும் பார்த்துவிட்டு, உன் நாட்டைப் பற்றி அவர்கள் போட்ட அந்த மெலிசான புத்தகத்தைத்தான் வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து சாப்பாட்டுக் கடைப் பக்கங்களை மட்டும் படிக்கிறாரடா. எனக்குத் தாங்கவில்லை, அதை ஏன் பார்க்கிறீங்க, கோட்டை கொத்தளம் ஏதாவது பாருங்களேன் என்றேன். நீ சாப்பிடணும் இல்ல, ஊர் ஊரா வந்து ரூமுக்குள்ள ஒளிஞ்சு பிஸ்கட் கடிக்கப் போறியா என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியேதான் சாப்பிடுகிறேன், சத்தம்கூடக் காட்டுவதில்லை, அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்று சாயங்காலம் என் தட்டை அவரே எடுத்து வந்து மேஜையில் வைத்து எதிரே உட்கார்ந்தார். அந்தக் கம்மின குரலில், "சாப்பிடு. எப்படி இருக்குன்னு சொல்லு, நான் கேட்டுக்கறேன்" என்றார். புளிப்பு தூக்கலா இருக்கு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், ராத்திரி வேலை முடிந்து ஈரத்தலையோடு படுக்காதே. உன் ஊரிலும் ஆற்றோரம் ஒரு கடையைக் குறித்து வைத்திருக்கிறார், நாங்கள் வரும்போது அங்கே போக வேண்டுமாம். இதை மட்டும் மறந்துவிடாதே. சாப்பிடப் போவது மூன்று பேர்தான் என்று மூன்று இடம் சொல்லிவிடாதேடா, நான்கு சொல். அவர் முன்னால் தயங்காமல் சாப்பிடுங்கள், ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எந்தக் குறையும் இல்லாமல் இருவரும் நன்றாக இருங்கள் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா