ஆயுத பூஜைக்குக் கழுவிய தோசைக்கல்

என் அருமை மாப்பிள்ளை கோபாலுக்கு,

நீ பன்னிரண்டு வருஷம் தோசை வார்த்த இரும்புக் கல்லைப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துக் கழுவச் சொன்னவன் நான்தான். மாஸ்டர் மேல் பழியைப் போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். உன்னிடம் பொய் சொல்லி எனக்கு என்ன லாபம்?

நீ கண்ணை மூடிய முதல் வருஷம், துக்கம் என்று கடையில் ஆயுத பூஜை போடவில்லை. இந்த வருஷம்தான் போட்டோம். ஊரே தறியைத் துடைத்துப் பொட்டு வைக்கிறது, லாரிக்காரன் டயரைக்கூடக் கழுவுகிறான். நமக்குச் சோறு போடும் கல் மட்டும் கரி பிடித்துப்போய் சாமி முன்னால் நிற்பதா? வருஷா வருஷம் நமக்குள் இதே சண்டைதானே! நான் தேய்க்கச் சொல்வேன். நீ அதன் மேல் ஒரு வாழை இலையைப் போட்டு மூடிவிட்டு, "இப்ப அழுக்கு தெரியுதா மச்சான்?" என்று சிரிப்பாய். ஏன் தேய்க்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சோம்பேறித்தனம் என்றே நினைத்துவிட்டேன்.

நீ போன பிறகு இட்லி அடுப்பிலிருந்து கல்லுக்கு மாற்றிய ஏகாம்பரம்தான் இப்போது மாஸ்டர். "முதலாளி, கல்லை எதுக்குங்க..." என்று இழுத்தான். "சொன்னதைச் செய்யிப்பா" என்றேன். அரை நாள் தேய்த்தார்கள். முகம் பார்க்கலாம் போல மின்னியது. சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டியபோது எனக்கு வந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

விஜயதசமி காலையில் முதல் தோசை ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைச் சுரண்டிச் சுரண்டித் தட்டில் போட்டோம். பிள்ளையார்பாளையத்திலிருந்து தினமும் வரும் நெசவாளி வரதன் தட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினான்.

"இன்னா முதலாளி, தோசை கேட்டா கொத்திக்கினு வந்து வைக்கிற? கல்லோட சேர்த்து நெய்ஞ்சிட்டியா?"

"ஜரிகை நல்லா புடிச்சிருக்குதுபா, பிரிக்க முடியாது" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

எண்ணெயைக் கொட்டினோம், தோசை நீச்சலடித்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. வெங்காயம் தேய்த்தோம், வெங்காயமும் ஒட்டியது. புதுக் கல் வாங்கலாம் என்று இரும்புக் கடைக்குப் போனால், "புதுசும் இப்படித்தாங்க ஒட்டும், பழக்கணும்" என்கிறார். எப்படிப் பழக்குவது? அதைக் கேட்கத்தானே நீ இல்லை! மூன்றாம் நாள் வரதன் கூட்டம் எதிர்க்கடையில் உட்கார்ந்து எனக்குக் கை ஆட்டியது. தீபாவளிப் பட்டு எடுக்க வெளியூர் ஜனம் பஸ்ஸில் வந்து இறங்கும் சமயம் இது. இந்த மூன்று வாரம் போனால் கடையே போச்சு.

நாலாம் நாள் உன் பெண்டாட்டி சரோஜா வந்தாள். நான் வளர்த்த என் தங்கைதான், ஆனால் அன்றைக்கு உள்ளே வந்த வரத்தைப் பார்த்து நானே எழுந்து நின்றுவிட்டேன். நேராகக் கல்லிடம் போனாள், ஒரு விரலால் தொட்டாள்.

"அறிவு இருக்குதாண்ணா உனக்கு? தோலை உரிச்சிட்டு வெச்சிருக்கிறியே!"

"பூஜைக்குச் சுத்தமா இருக்கணும்னு..."

"கல்லுக்கு எண்ணெய்தான் குளியலு. தண்ணியே காட்டக் கூடாது. பன்னெண்டு வருஷத்துப் பூச்சு அது."

"கோபால் சொல்லவே இல்லையேம்மா."

"அவருக்கு ஊத்தத்தான் தெரியும். கல்லைப் பார்த்துக்கினது யாருன்னு நினைச்சிக்கினு இருந்தே?"

அமாவாசைக்கு நாம் கடை மூடுவோம், நான் தென்னேரிப் பக்கம் அரிசி பேசப் போய்விடுவேன். அந்த அமாவாசை ஒன்று விடாமல் அவள் வந்து கல்லை எண்ணெயில் பழக்கியிருக்கிறாள். "உன் கை ராசி" என்று நான் ஊரெல்லாம் சொன்னபோது நீ ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய்? வெட்கமா? இல்லை, நான் வேண்டாம் என்பேன் என்ற பயமா?

"சரி, ஒரு தடவை வந்து சரி பண்ணிட்டுப் போ. தீபாவளிக்குப் பொடவை எடுத்துத் தரேன்" என்றேன்.

"பொடவையை நீயே கட்டிக்கோ. முதல்ல பேசி முடி, அப்புறம் தொடுறேன். கல்லும் எனக்கு, ஊத்துறதும் நான்தான்."

"பொம்பளை கல்லுல நின்னா ஜனம் என்ன பேசும்?"

"தோசை ஒட்டினா என்ன பேசும்னு நாலு நாளா கேட்டுக்கினு இருக்கிறியே, அது போதலியா?"

நெல் வியாபாரியிடமும் லாரிக்காரனிடமும் தோற்காதவன் நான். இவளிடம் அரை மணி நேரத்தில் தோற்றேன்.

நாலு நாள் இட்லியும் பொங்கலும் மட்டும் போட்டோம். விறகை மட்டாக எரியவிட்டு, ஆமணக்கெண்ணெயைத் துணியில் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தடவினாள். புகைந்து ஓயும்வரை காய்ச்சினாள், ஆறவிட்டாள், மறுபடி தடவினாள். நான் அவசரப்பட்டுக் கிட்டே போனபோதெல்லாம் "ஆறட்டும்" என்று ஒரே வார்த்தை. அரைக் கூடை வெங்காயத்தை வதக்கிக் குப்பையில் கொட்டினாள், என் கண்ணெதிரிலேயே. ஐந்தாம் நாள் ஊத்தப்பம். ஆறாம் நாள் காலை, தோசையின் ஓரம் தானாக எழும்பியது. எதிர்க்கடையிலிருந்து எட்டிப் பார்த்த வரதன் தெருவைக் கடந்து வந்து, "ரெண்டு முறுகலா போடு தாயே" என்று சரோஜாவைப் பார்த்தே சொன்னான். என்னை யாரும் பார்க்கவில்லை.

ஏகாம்பரம் இட்லிக்கே திரும்பிவிட்டான், சம்பளம் குறையாது என்றதும் சந்தோஷமாக.

உன் கண் முன்னால் சொல்வதாக வைத்துக்கொள், பேச்சு மாற மாட்டேன். பேசி முடித்தது இதுதான்: உனக்குக் கொடுத்த அதே நூற்றிருபது ரூபாய் மாசச் சம்பளம், பெண் என்று ஒரு ரூபாய் குறைக்கக் கூடாது. அமாவாசை வேலைக்குத் தனிக் கூலி மூன்று ரூபாய். அவள் அடுப்பு மூட்டியது முதல் இறக்கும்வரை முதலாளி கல்லுக்கு மூன்று முழம் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உனக்குப் பெண் கொடுத்த மச்சான்,
முருகேசன்