கேமராவுக்கு யார் டீச்சர்?

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதியோர் எழுத்தறிவு வகுப்பில், கரும்பலகையில் முழு வாக்கியம் ஒன்று எழுதினேன். "நான் பன்னிக்குப் போகிறேன்." டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "தாத்தா, அது பள்ளி." எழுத்து மாறினால் எங்கே போய்ச் சேருகிறோம்! எழுபத்தொரு வயதில் என்ன சுகமான ஆபத்து. நாற்பது வருடம் ஊரெல்லாம் பெயர்ப் பலகையும் அறிவிப்புப் பலகையும் மாட்டினேன். ஒன்றைக்கூட வாசித்ததில்லை. ஒரு பல் டாக்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

மருமகளின் வேனைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவைக்கு ஏற்றிப்போகும் வேன். யாருடைய மதிலையோ இடித்துவிட்டு ஓடிய வண்டியாம். தெருமுனை கேமரா நம்பரைப் படித்துச் சொன்னதாம். அந்த நேரத்தில் அவள் ஆஸ்பத்திரி வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள்! "போட்டோவைக் காட்டுங்க" என்றதற்கு, "கேமரா நகரமன்றத்தோடது, அங்கே போய்க் கேளும்மா" என்றார்களாம்.

"இருபதாம் தேதிக்குள்ள வண்டி வரலைன்னா ஆஸ்பத்திரியில வேற ஆளைப் போட்டுடுவாங்க மாமா." சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மார்ச் 9, திங்கள்

நகரமன்றம். எழுத்தர் தலையைத் தூக்கவே இல்லை.

"போட்டோ ரகசியம், பெரியவரே."

எங்க வண்டி எங்களுக்கே ரகசியமா?

"சரி, ஊர்ல எத்தனை கேமரா இருக்கு?"

"அதுவும் ரகசியம்."

வாசலிலேயே இரண்டு தொங்குகிறது. ஒன்றின்மேல் காக்கா உட்கார்ந்திருக்கிறது. காக்காவுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாது.

"தப்பாப் படிச்சிருந்தா?"

"மெஷின் தப்பாப் படிக்காது."

அட மடையா — இந்த வார்த்தையைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். ஆனாலும் தெளிவாக வாசிக்க முடிகிறது. இருக்கட்டும்.

அடுத்த வாரம் நகரமன்றக் கூட்டத்தில் மனு வாசிக்கலாமாம். "எழுத வராதுன்னா கைநாட்டு வைங்க" என்று மைப்பெட்டியைத் தள்ளினார். நான் அவர் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் காட்டினேன்.

மார்ச் 10, செவ்வாய்

மனு எழுதுகிறேன். டீச்சர் 'வெளிப்படைத்தன்மை' என்று ஒரு வார்த்தை கொடுத்தார். எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. இத்தனை நீளமாக இருந்தால் அவர்கள் எப்படிக் கடைப்பிடிப்பார்கள், பாவம்.

மார்ச் 17, செவ்வாய்

நகரமன்றக் கூட்டம்.

கூட்ட அறைச் சுவரில் ஒரு பலகை. பன்னிரண்டு வருடம் முன்பு நானே மாட்டியது. இன்றுதான் வாசித்தேன்: "மனுதாரர் வாசித்து முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது." ஆஹா!

பத்தரை மணிக்கு எழுந்து நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். நாலே கேள்வி. கேமராக்கள் எங்கெங்கே? படங்களை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? யார் யார் பார்க்கிறார்கள்? தப்பாகப் படித்தால் யார் திருத்துகிறார்கள்? முதல் கேள்வி முடியும்போது மணி பதினொன்று. தலைவர் நெளிந்தார்.

"குடுங்க பெரியவரே, நானே வாசிச்சுடறேன்."

பலகையைக் காட்டினேன்.

"நிதானமா வாசிங்க தாத்தா, அவருக்கு என்ன அவசரம்?" என்றது பின்வரிசை.

வெளிப்படைத்தன்மைக்கு வந்தபோது சாப்பாட்டு நேரம். ஒரு எழுத்து விட்டுப்போயிற்று. முதலிலிருந்து ஆரம்பித்தேன். வேண்டுமென்றா? இந்த நோட்டிலும் சொல்ல மாட்டேன்.

"அந்தப் போட்டோவைக் கொண்டுவாய்யா!" என்று தலைவர் எழுத்தரிடம் கத்தினார்.

படத்தில் இருந்தது வெள்ளை லாரி! எங்களுடையது நீல வேன். லாரியின் நம்பரில் சேறு ஒட்டி, மூன்று எட்டாகிவிட்டது. போலீசுக்குப் போனது நம்பர் மட்டும்தானாம். படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை ரகசியம்.

"நானும் பள்ளியைப் பன்னின்னு எழுதறவன்தாங்க," என்றேன். "எனக்குத் திருத்த டீச்சர் இருக்காங்க. இதுக்கு யாரு?"

பதில் தபாலில் வருமாம்.

மார்ச் 19, வியாழன்

வேன் வந்துவிட்டது. மருமகள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மன்னிப்பு மட்டும் வரவில்லை. வழியில் எந்தக் கேமராவிலும் தென்படவில்லை போலும்.

ஏப்ரல் 2, வியாழன்

என் பெயருக்கு முதல் கடிதம். மருமகள் பிரிக்க வந்தாள், விடவில்லை. மத்தியானம் முழுக்க நானே வாசித்தேன்.

கேமரா முப்பத்தாறு, இடங்களின் பட்டியலோடு. படங்கள் இருப்பது ஒரு வருடம். பார்ப்பது ஐந்து அலுவலகங்கள், ஒரு தனியார் கம்பெனி. நான்காம் கேள்விக்கு: "பிழை சரிபார்ப்பவர் பணியிடம் தொடக்கம் முதல் காலியாக உள்ளது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விண்ணப்பிக்கலாம்."

"நம்ம வண்டிதான் வந்துடுச்சே மாமா, இன்னும் என்ன எழுதறீங்க?"

விண்ணப்பம். வயது வரம்பு போட மறந்துவிட்டார்கள்.