ரதிக்கு ஒரு போன்

செப்டம்பர் 9, செவ்வாய்

வீட்டுக்காரி ரதியின் போன் இன்றும் படுத்துவிட்டது. அவள் வீட்டில் சுட்டு விற்கும் முறுக்குக்கு ஆர்டர் வரும் நேரம் பார்த்துத்தான் அது படுக்கும். கம்பெனி அதற்கு அப்டேட் தருவதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் புதுசு வாங்கியாக வேண்டும். "பகாவ் டவுன்ல போயி ஒண்ணு எடுத்துட்டு வந்துருவோம்லா" என்கிறாள். எடுத்துட்டு வர அது என்ன கத்தரிக்காயா? நானே பார்த்து வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 13, சனி

எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் டிராக்டர் பிரிக்கிறவன் நான். பானெட்டைத் திறக்க விடாத வண்டியை வாங்குவேனா? போனும் அப்படித்தான். கம்பெனி கைவிட்ட பிறகும் வெளியாட்கள் உட்கார்ந்து புது மென்பொருள் எழுதித் தருகிற போன்கள் இருக்கின்றன. கஸ்டம் ரோம் என்பார்கள். அப்படி டெவலப்பர்கள் நிறைய பேர் பின்னால் நிற்கிற போனாக வாங்கினால் ரதிக்குப் பல வருஷத்துக்குக் கவலையில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

ஒரு மாடலுக்கு டெவலப்பர் ஒருத்தன்தான், அவனும் ஓடிவிட்டான். இன்னொன்றுக்கு ஆள் நிறைய — ஆனால் அதே பெயரில் இங்கே விற்பது வேறு சிப், அதில் ரோம் ஏறாது. கடைக்காரன் "எல்லாம் ஒண்ணுதான் அண்ணே" என்கிறான். ஒண்ணாம்! இணைய ஃபோரத்தில் கேட்டிருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் லைன் கிடைக்காது, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போக வேண்டும். எங்களை மேய்க்கும் மண்டோர் சந்தியாகு பார்த்துவிட்டார். "என்னடா ஹேமா, தொட்டிக்குக் காவலா?"

செப்டம்பர் 21, ஞாயிறு

பதில் இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

ஒருத்தன் பதில் போட்டான். அடுத்த மாடல் வரும்வரை பொறு என்கிறான். இவனிடம் யார் கேட்டது? ரதி கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

வாங்கிவிட்டேன்! சிரம்பான் வரை மோட்டார் பைக்கில் போய், சரியான சிப் தானா என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. ரோம் ஏற்ற, கம்பெனி போட்ட மென்பொருள் பூட்டைத் திறக்க அவர்களிடமே அனுமதி கேட்டாயிற்று; ஒரு வாரம் பொறுக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அழியட்டுமே, காலிப் போன்தானே.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனருக்கெல்லாம் சந்தனம் வைத்துச் சுண்டல் தின்றோம். வீட்டுக்கு வந்தால் புதுப் போனும் சாமி முன்னால் — திரையில் குங்குமம்! ரதி நாளைக்கு நல்ல நாள் என்று ஏதோ கேட்டாள். ரோம் போடும் முறையைப் படித்துக்கொண்டிருந்தேன். 'ம்' என்றேன்.

அக்டோபர் 3, வெள்ளி

கை பரபரக்கிறது. வேலையே ஓடவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ரதி காய் வாங்கப் பசாருக்குப் போயிருந்தாள். போன் சாமி மேடையில் சார்ஜில் கிடந்தது. அணைத்து, பட்டன்களை அழுத்திப் பிடித்து, ஒயரை மாட்டி நேராக உள்ளே போனேன். முகப்பைக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் அழியும், சரியா என்று கேட்டது. சரி என்றேன். பூட்டு திறந்தது. ரோம் முதல் தடவையிலேயே ஏறியது. விசிலடித்தேன்.

ரதி வந்து போனை எடுத்தாள். தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"ஏங்க, ஆர்டரெல்லாம் எங்க?"

என்ன ஆர்டர்?

"தீபாவளி ஆர்டருங்க! பழசு பூஜை அன்னிக்கே செத்துப் போச்சு. விஜயதசமி அன்னிக்கு இதுல சிம் போட்டு ஆரம்பிக்கட்டான்னு கேட்டேன்ல? ம்-ன்னீங்களே!"

பேக்கப் எடுத்தியா என்று கேட்டேன். ஐயோ, அதை ஏன் கேட்டேன்?

"அது என்னான்னு எப்ப சொல்லிக் குடுத்தீங்க?"

கத்தியிருந்தால் பரவாயில்லை. மாவு வாளியை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

வேலை முடிந்து எஸ்டேட் லைனில் வீடு வீடாகப் போனேன். எங்ககிட்ட முறுக்கு சொல்லியிருந்தீங்களா? எவ்வளவு? எப்போ? பக்கத்து வீட்டுப் பஞ்சாலை அக்கா சிரிக்கிறார். "போனு முறுக்க தின்னுருச்சா தம்பி?" சிரிக்கட்டும். பகாவ் வரை போனால், வருஷா வருஷம் வாங்கும் டீச்சர் முகம் கொடுக்கவில்லை. ரதியிடமிருந்து பதில் வரவில்லை என்று முறுக்கை வேறு இடத்தில் சொல்லிவிட்டாராம். அதுதான் பெரிய ஆர்டர். ரதியிடம் எப்படிச் சொல்வது?

அக்டோபர் 8, புதன்

சொன்னேன். "தெரியும்" என்றாள்.

அக்டோபர் 11, சனி

ரதி பஞ்சாலை அக்காவோடு பகாவ் போய் ஒரு போன் வாங்கி வந்தாள். போன பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம் — கீழே விழுந்தால் உடையுமா? அந்த மாடலுக்கு உலகத்தில் ஒரு டெவலப்பர்கூட இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இத்தனை நாளும் முறுக்கு உரலை நான்தான் பிழிந்தேன். தோள் கழன்றுவிட்டது. போன வருஷம் விற்றதில் பாதிதான் போயிற்று. காலையில் எனக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். உடனே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 15, சனி

கஸ்டம் ரோம் போட்ட போன் இப்போது என்னிடம். பிரமாதமாக ஓடுகிறது. அதற்கு யாரும் கூப்பிடுவதில்லை. ரதியின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் கிட்டே போனாலே கவிழ்த்து வைத்துவிடுகிறாள்.

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு மண்டோர் வீட்டிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. ரதி மாவுக் கையோடு வந்து, போனை என்னிடம் நீட்டினாள்.

"எழுத்து சின்னதா இருக்குங்க. பெருசாக்கிக் குடுங்க."

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். அவள் நகரவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். எழுத்தைப் பெரிதாக்கினேன். போதுமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் என்றாள். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். வேறு எதையும் தொடாமல் திருப்பிக் கொடுத்தேன்.